எண்பது பேர் சுமந்த கேமரா

இமயத்தைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிய வாலிபர் சாமுவேல் போர்ன். அவர் நடந்த பாதை இன்றும் இருக்கிறது. அவரைச் சுமந்தவர்களின் பெயர்கள்தான் இல்லை.

1866ஆம் ஆண்டு. ஸ்பிதிக்கும் கின்னௌருக்கும் இடையே உள்ள மணிரங் கணவாயின் உச்சி. சுற்றிலும் பனி. மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும் அந்த உயரத்தில் ஒரு கூடாரம் எழும்புகிறது. உள்ளே வெளிச்சம் புகாத இருட்டு. ஓர் ஆங்கிலேய வாலிபர் கண்ணாடித் தகடு ஒன்றின் மீது பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, விரைத்துப்போன விரல்களால் தகட்டை இப்படியும் அப்படியும் சாய்க்கிறார். வெளியே, அந்தக் கூடாரத்தையும் தகட்டையும் திரவத்தையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்த மலைவாசிகள் காத்திருக்கிறார்கள்.

சிறிது நேரத்தில் படம் தயார். உயரம் 18,600 அடி என்று வாலிபர் குறித்துக்கொண்டார். அதற்கு முன் உலகில் யாரும் அத்தனை உயரத்தில் நின்று புகைப்படம் எடுத்ததாகத் தகவல் இல்லை. அதன் பிறகும் பல ஆண்டுகளுக்கு அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை.

அந்த வாலிபரின் பெயர் சாமுவேல் போர்ன். வயது 31. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு வரை அவருக்கும் இமயமலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். கணக்குப் புத்தகம் போக மிச்ச நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிகளையும் சிற்றூர்களையும் படம் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு பைத்தியமாக முற்றியது. 1862இல் வங்கி வேலையை விட்டார். 1863இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

வந்த நேரம் நல்ல நேரம். 1857 கலகம் அடங்கி, இந்தியா கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியிருந்தது. தாங்கள் ஆளும் நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க லண்டனில் இருந்தவர்களுக்கு ஆசை. தாங்கள் வாழும் இடத்தை ஊருக்குக் காட்ட இங்கே இருந்த அதிகாரிகளுக்கு ஆசை. 1864 முதல் சிம்லா கோடைக்காலத் தலைநகரமாகவே ஆனது. மலை ரயில் அங்கே போய்ச் சேர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் குதிரையிலும் பல்லக்கிலும் சாரிசாரியாக வெள்ளையர்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். போட்டோ ஸ்டூடியோ வைக்க அதைவிடத் தோதான ஊர் வேறு கிடைக்காது. வில்லியம் ஹோவர்ட் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார் போர்ன். பிறகு சார்லஸ் ஷெப்பர்ட் வந்து சேர்ந்தார். ஹோவர்ட் விலகிய பின் நிலைத்த பெயர்தான் 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்'.

கூட்டாளி கடையைப் பார்த்துக்கொள்வார். போர்ன் மலைக்குப் போவார். இதுதான் ஏற்பாடு.

பத்து நிமிடக் கெடு

இன்று மலைக்குப் போகும் இளைஞர் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுக்கிறார், தொடுகிறார், படம் விழுகிறது. போர்ன் காலத்தில் ஒரு படம் எடுப்பது சிறிய ரசாயனத் தொழிற்சாலை நடத்துவதற்குச் சமம்.

அப்போது வழக்கில் இருந்தது ஈரக் கலோடியன் முறை. அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைக்கும் பசைதான் கலோடியன். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒரே சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டில் வைத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகி, படம் எடுத்து, மறுபடி இருட்டுக்குள் ஓடிவந்து கழுவி முடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான் கெடு. வெயில் அடித்தால் ஈதர் ஆவியாகி அதற்குள்ளேயே பசை காய்ந்துவிடும். குளிர் அடித்தால் ரசாயனங்கள் மந்தமாகிவிடும். காற்று அடித்தால் மரங்கள் ஆடிப் படம் கலங்கும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேறு வேண்டும்.

போதாக்குறைக்கு, அந்தக் காலத்துத் தகடு நீல நிறத்துக்கு மட்டுமே நன்றாக இணங்கும். வானம் வெளுத்துப்போகும். பச்சை மரங்கள் கறுத்துப்போகும். வெள்ளைப் பனியையும் கரும்பச்சைத் தேவதாரு மரங்களையும் ஒரே தகட்டில் அடக்குவது பெரும்பாடு. போர்னின் படங்களில் பனிச்சரிவின் மடிப்புகளும் தேவதாருவின் கிளைகளும் ஒருசேரத் தெரிவதைப் பார்த்து இன்றைய கலைஞர்களும் மூக்கில் விரலை வைக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கும் வசதி சரிவர இல்லாததால், படம் எத்தனை பெரிதோ கண்ணாடியும் அத்தனை பெரிது. 12 அங்குலம், 10 அங்குலம் என்பது போர்னின் வழக்கமான அளவு. நூற்றுக்கணக்கான தகடுகள், கேமராக்கள், பத்தடி உயரக் கூடாரம், ரசாயனப் பெட்டிகள், நாற்காலி மேசை, சமையல் சாமான், ஒயின் புட்டிகள். இவ்வளவும் மேலே போக வேண்டும். மலையில் வண்டி கிடையாது. மனித முதுகுதான்.

சீனி என்ற சிற்றூர்

1863 ஜூலை இறுதியில் போர்னின் முதல் பயணம் சிம்லாவிலிருந்து புறப்பட்டது. உடன் சுமார் 30 கூலிகள். டல்ஹவுசி பிரபு காலத்தில், 1850இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான்–திபெத் சாலைதான் வழி. சாலை என்று பெயரே தவிர, பல இடங்களில் பாறையைக் கொத்திப் போட்ட ஒற்றையடிப் பாதை. சட்லெஜ் நதி கீழே ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஓடும். அந்தப் பாதையில் ராம்பூர், சராஹன் வழியாகச் சென்று, சிம்லாவிலிருந்து சுமார் 160 மைல் தொலைவில் உள்ள சீனி என்ற ஊரை அடைந்தார். ஸ்பிதி எல்லை வரை போய், 15,000 அடிக்கு மேல் உள்ள தாரி கணவாயிலும் படம் எடுக்க முயன்றார். பத்து வாரங்களில் திரும்பியபோது கையில் 147 நெகடிவ்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றி 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராஃபி' இதழில் அவர் விரிவாக எழுதினார். படிக்கிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இமயம் அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் பழகிய கண் அவருடையது. அதற்கு ஏரி வேண்டும், ஓடை வேண்டும், ஓடையின் மேல் ஒரு பழைய பாலம், பக்கத்தில் கொடி படர்ந்த குடிசை வேண்டும். இங்கே இருந்ததோ மலை, அதற்கு அப்பால் மலை, அதற்கும் அப்பால் மலை. எல்லாம் கேமராவுக்குள் அடங்காத அளவில் பெரிது என்று குறைப்பட்டுக்கொண்டார். புது இடம் தேடிப் போன வாலிபர் அங்கே தன் சொந்த ஊரைத்தான் முதலில் தேடினார்.

அதனாலோ என்னவோ, அடுத்த ஆண்டு அவர் காஷ்மீருக்குப் போனார். 1864 மார்ச்சில் லாகூரிலிருந்து கிளம்பி ஒன்பது மாதங்களுக்கு மேல் சுற்றினார். கூலிகள் எண்ணிக்கை 40ஐத் தாண்டியது. கண்ணாடித் தகடுகள் மட்டும் 650. களைத்தபோது அவரையே தூக்கிச் செல்ல 'டண்டி' என்ற மலைத் தூளியும் அதைச் சுமக்கத் தனி ஆட்களும் இருந்தார்கள். ஸ்ரீநகரில் தால் ஏரியும் ஜீலம் நதியும் நெட்டிலிங்கம் போல நிமிர்ந்து நின்ற பாப்ளர் மரச் சாலையும் அவர் மனதுக்கு ஒத்தன. கண் தேடிய தண்ணீர் அங்கே இருந்தது.

தடியும் பயணக் குறிப்பும்

போர்னின் கட்டுரைகளில் இன்னொரு விஷயமும் வருகிறது. முதல் பயணத்தின்போது வழியில் சில கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கிராமத்துக்குள் புகுந்து தேடினார் போர்ன். ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடித்து, கையிலிருந்த தடியால் அவர்கள் கதறும் வரை அடித்தார். இதை யாரோ அவர் மீது சொன்ன புகாராக நினைக்க வேண்டாம். அவரே எழுதி, லண்டனில் அச்சாகி, சந்தாதாரர்கள் படித்த செய்தி. மறைக்க வேண்டிய விஷயம் என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, வெளியிட்டவருக்கும் தோன்றவில்லை.

கூலிகள் ஏன் ஓடினார்கள் என்ற கேள்விக்கு மலை மக்களிடம் ஒரே சொல்லில் பதில் இருந்தது: பேகார். சர்க்காரின் ஆளோ துரையோ வந்தால் ஊருக்கு இத்தனை பேர் சுமை தூக்க வர வேண்டும் என்ற கட்டாயம். விதைப்பா, அறுப்பா, வீட்டில் நோயா என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். சில சமயம் கூலி உண்டு, சில சமயம் இல்லை. ஆனால் கூலி கிடைத்தாலும், வர முடியாது என்று சொல்லும் உரிமை சுமப்பவருக்கு இல்லை. தடி அந்த ஏற்பாட்டின் கடைசிப் படி.

இந்த வழக்கம் ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் குமாவோன் மலைப்பகுதியின் பாகேஷ்வரில் மக்கள் பேகார் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசினார்கள். சிம்லா மலைகளில் இந்தப் போராட்டத்தை நடத்தியவர், விசித்திரமாக, இன்னொரு வெளிநாட்டு வாலிபர். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். பெயரும் சாமுவேல். 1904இல், 21 வயதில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர். போர்ன் நடந்த அதே சட்லெஜ் பாதையின் ஓரத்தில் கோட்கர் என்ற ஊரில் தங்கினார். ஊர்ப் பெண்ணை மணந்து, விவசாயம் பார்த்து, 1916இல் அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டார். பேகாருக்கு எதிராகக் கிராமங்களைத் திரட்டினார். 1921இல் அது ஒழிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டதற்காகச் சிறைக்கும் போனார். பிற்காலத்தில் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார்.

ஒரே மலைப்பாதை. ஒரு சாமுவேல் படம் எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு சாமுவேல் தங்கிவிட்டார். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் பார்க்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கெல்லாம் மூலம் இரண்டாமவர்தான்.

கங்கை பிறக்கும் இடம்

1866இன் மூன்றாவது பயணம்தான் போர்னின் பெரும் பயணம். சுமார் 80 கூலிகள், ஆறு மாதங்கள். குலு, லாஹௌல், ஸ்பிதி எனச் சுற்றி மணிரங் கணவாயை ஏறிக் கடந்தார். சட்லெஜ் பள்ளத்தாக்கில் இறங்கி, பாஸ்பா நதியோரமாகப் போய், இன்னொரு கணவாயைத் தாண்டி கங்கோத்ரிக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து கோமுகம். பனியாறு முடிந்து, அதன் வாயிலிருந்து பாகீரதி வெளியே பாயும் இடம்.

இதற்குள் அவருடைய கண் மாறியிருந்தது. பாலத்தையும் குடிசையையும் தேடுவதை விட்டுவிட்டு, மலையை மலையாகவே பார்க்கத் தொடங்கியிருந்தார். கோமுகத்தில் எடுத்த படத்தில் அழகுக்காகச் சேர்த்தது என்று எதுவும் கிடையாது. பாறைக் குவியல், வெடித்துப் பிளந்த பனிச்சுவர், அதன் அடியில் இருண்ட குகை, குகையிலிருந்து நீர். அவ்வளவுதான். கோடிக்கணக்கான இந்துக்கள் மனதில் மட்டுமே பார்த்திருந்த இடத்தின் முதல் புகைப்படம் அது.

அதன் பிறகு அவர் சமவெளியிலும் சுற்றினார். 1869இல் தெற்கே வந்து மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களையும் ஊட்டியையும் படம் பிடித்தார். இந்தியாவில் அவர் எடுத்த படங்கள் மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு நெகடிவிலும் எண்ணும் தன் பெயரும் கீறிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. 1870 முடியும் தறுவாயில் இங்கிலாந்து திரும்பி, உறவினருடன் சேர்ந்து நூல் தொழிலில் இறங்கினார். பிறகு நீர்வண்ண ஓவியம் தீட்டுவதே அவருக்குப் பிரியமானதாயிற்று. 1912இல் நாட்டிங்ஹாமில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற ஸ்டூடியோ கல்கத்தாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. சௌரங்கிப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை பழக்கமானது. 1991 பிப்ரவரி 6ஆம் தேதி அங்கே தீப்பிடித்தது. பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த நெகடிவ்களும் ஆவணங்களும் பெருமளவு அழிந்தன. எண்பது பேர் முதுகில் உடையாமல் மலை இறங்கி வந்த கண்ணாடிகளில் எத்தனை அன்று அங்கே இருந்தனவோ! 2016இல் கடையும் மூடப்பட்டது. ஆனாலும் போர்னின் படங்கள் பிழைத்துக்கொண்டன. அன்றே ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்து விற்றிருந்ததுதான் காரணம். டில்லியின் அல்காஜி சேகரிப்பிலும் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

இன்றைய பாதை

போர்ன் வாரக்கணக்கில் நடந்து அடைந்த சீனி இன்று கல்பா. சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ வரை சுமார் 225 கிலோமீட்டர் பஸ் பயணம். அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஊர் வந்துவிடும். எதிரே கின்னர் கைலாசம் கண்ணை நிறைக்கும். விடியற்காலையில் விடுதி மொட்டைமாடிகளில் இளைஞர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் வெயில் சிகரத்தைத் தொடும் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். போர்னும் வெயிலுக்காகக் காத்திருந்தவர்தான். அந்த மட்டில் ஒன்றும் மாறவில்லை.

அவர்களில் பலருக்கு இது புது இடம். ஆனால் கல்பாவுக்குத் தன் கதை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், பனி மூடுவதற்கு முன்பே வாக்குப்பதிவை முடித்துவிட வேண்டும் என்று 1951 அக்டோபரிலேயே இங்கே ஓட்டுப் பெட்டி வந்துவிட்டது. நாட்டின் முதல் வாக்காளர் என்று பெயர் பெற்ற பள்ளி ஆசிரியர் ஷ்யாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர். 2022 நவம்பரில் இறக்கும் வரை அவர் ஓட்டுப் போடத் தவறியதில்லை. பேகாருக்கு மறுப்புச் சொல்ல முடியாதிருந்த மலைப்பகுதிக்கு, வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒரு காகிதச் சீட்டின் வடிவில் வந்து சேர்ந்தது.

அந்த உரிமையை இளைய தலைமுறையும் பயன்படுத்துகிறது. சட்லெஜ் நெடுகச் சுரங்கம் குடைந்து நீர்மின் நிலையங்கள் எழுந்துள்ளன. நாத்பா ஜாக்ரி 1,500 மெகாவாட், கர்ச்சம் வாங்டு 1,000 மெகாவாட்டுக்கு மேல். 2021இல் கின்னௌர் மலைச்சரிவுகள் அடுத்தடுத்து இடிந்தன. ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கில் பாறைகள் உருண்டு ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே நெடுஞ்சாலையில் மண் சரிந்து பஸ்ஸும் வாகனங்களும் புதைந்ததில் 28 பேர் பலியானார்கள். இனியும் அணைகள் வேண்டாம் என்று கின்னௌர் இளைஞர்கள் அதே ஆண்டு தொடங்கிய இயக்கத்தின் கோஷம், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது. சாங்லாவில் பாஸ்பா நதியோரம் கேமராவுடன் நிற்பவருக்குப் படத்தில் தெரிவது நீல வானமும் வெள்ளைச் சிகரமும். அங்கே குடியிருப்பவர் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே உள்ள சரிவை.

கோமுகத்துக்குப் போக இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் விடுவதில்லை. கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்து போகிறவர்கள் போர்ன் படம் எடுத்த இடத்தில் நின்றால் அந்தப் பனிச்சுவர் அங்கே இருக்காது. பனியாறு உள்ளே பின்வாங்கிவிட்டது. 1935இல் தொடங்கிய அளவீடுகளின்படி மட்டுமே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சுருங்கியிருக்கிறது. ஆல்பத்தில் ஒட்டுவதற்காக விற்கப்பட்ட படம், இழந்தது எவ்வளவு என்பதற்கு இன்று சாட்சி. எடுத்தவர் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அந்தச் சாட்சியை மலையேற்றி இறக்கியவர்கள் போர்னின் படங்களிலேயே இருக்கிறார்கள். மலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக முன்னால் ஓரிரு ஆட்களை நிறுத்துவது அவர் வழக்கம். பாறை மேல் உட்கார்ந்தபடியோ பாலத்தின் ஓரத்தில் நின்றபடியோ கடுகளவு உருவங்கள். ஈரத் தகட்டில் படம் விழும் வரை சில விநாடிகள் அசையாமல் நிற்கச் சொன்னபடி நின்றிருக்கிறார்கள். படத்தின் கீழே கணவாயின் பெயர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, நெகடிவ் எண் இருக்கிறது, போர்ன் என்ற கையெழுத்தும் இருக்கிறது. நிற்பவர் யார் என்று எழுத மட்டும் இடம் விடப்படவில்லை.